ஒன்றேகால் மீட்டர்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஆபீசிலும் தெருவிலும் அவர் 'நாலுமடங்கு'. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட, நாலுமடங்கு சாப்பிட்டாச்சா என்றுதான் விசாரிப்பார்கள். காரணமில்லாமல் யாரும் யாருக்கும் பட்டப்பெயர் வைப்பதில்லை. இந்தப் பெயரை அவர் சொந்த வாயாலேயே சம்பாதித்தார்.

வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால், அது நிற்க எடுக்கும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. இதை அவர் சொல்லாத ஆள் அக்கம்பக்கத்தில் பாக்கி இல்லை. முடிவெட்டப் போன இடத்தில் இதை விளக்கப்போய்த் தலையை ஆட்டி, காதோரம் வெட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னாராம். அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொள்வார்கள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பறப்பார்கள். மனுஷ ஜென்மம் அப்படித்தான், அதற்கு அவர் என்ன செய்வார்?

அவருடைய வேலை விபத்து அளவைப் பிரிவில். இரண்டாம் மாடியில் ஒரு நீள அறை, நாலு மேஜை, அதில் இரண்டுக்கு ஆள் இல்லை. மூலையில் சாக்குக்கட்டி டப்பா, சுருள் டேப், ஆணிகள், கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம். எங்கேயாவது வண்டி மோதினால் போலீஸ் கூப்பிடும். இவர் போய்ச் சாலையில் குந்தி உட்கார்ந்து டயர் தடத்தை அளப்பார். பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ரப்பர் தேயும், கறுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டின் நீளத்தை வைத்து, வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். கணக்கு பெரிய பூதம் ஒன்றுமில்லை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். பத்தொன்பது வருஷமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் பொய் சொல்வான், பார்த்தவன் கதை கட்டுவான், ரோடு மட்டும் பொய் சொல்லாது என்பார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அந்த மனுஷனின் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

அளப்பதில் ஒரு நெளிவு உண்டு. ஒரு பெஞ்சை அது கிடக்கும் நீளவாக்கில் தரையில் இழுத்துப் பாருங்கள். முன்காலும் பின்காலும் ஒரே கோட்டில் கீறிக்கொண்டு வரும். கடைசியில் கீறலை அளந்தால், பெஞ்சு நகர்ந்த தூரத்தோடு இரண்டு காலுக்கும் நடுவிலுள்ள நீளமும் சேர்ந்துவிடும். அந்த நீளத்தைக் கழித்தால்தான் நகர்ந்தது எவ்வளவு என்று தெரியும். வண்டியும் அப்படியே. காருக்கு இரண்டரை மீட்டர் கழிக்கவேண்டும். பஸ் நீளமானது, ஆறு மீட்டர் கழிக்கவேண்டும்.

ஒவ்வொரு தடவையும் போட்ட கணக்கையே போடுவானேன் என்று, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பழைய காலண்டர் அட்டையின் முதுகில் அவர் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் மாட்டினார். இடப்பக்கம் தடத்தின் நீளம், வலப்பக்கம் வேகம். கழிக்கவேண்டியதை அவரே கழித்துப் போட்ட அட்டவணை. தலைப்பில் 'தடம், வேகம்' என்று மட்டும் எழுதினார். 'கார்' என்று எழுதவில்லை. வருகிற கேசெல்லாம் கார்தானே, பஸ்ஸும் லாரியும் வந்தால் நாமே தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பது அவருடைய ஒரே கெட்ட பழக்கம். மற்றபடி வெற்றிலைகூடப் போடமாட்டார்.

அதே அறையில் இன்னொரு மேஜை டீச்சருடையது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள் என்பதால் அந்தப் பெயர். நறுக்கென்று வேலை செய்பவள், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். போன வருஷம் இவருக்கு முதுகுத் தண்டில் பிடித்துக்கொண்டு நாலு மாதம் படுக்கையில் கிடந்தபோது, பிரிவை அவள்தான் ஒற்றையாளாகத் தாங்கினாள். திரும்பி வந்த அன்றைக்கு இவர் அவளை வாயாரப் புகழ்ந்தார். அந்த நாலு மாதக் கோப்பு எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும்.

இவருடைய தங்கை வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒரு கெட்ட பழக்கம் இல்லாத மனுஷன், அதிர்ந்து பேசத் தெரியாது. மாப்பிள்ளை என்றால் நாலுமடங்குக்கு உயிர். பதினெட்டு வருஷம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவரின் பஸ்ஸில், ஒரு நாள் பட்டப்பகல் மூன்று மணிக்கு ஒரு தச்சர் அடிபட்டார். தோளில் ஒரு பலகையைச் சுமந்துகொண்டு சாலையைக் கடந்திருக்கிறார். பலகை மறைத்ததில் பஸ் வந்த பக்கம் அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் இருந்து செத்துப்போனார். அந்தச் சாலையில் ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது. ஐம்பதுக்குள் வந்திருந்தால் விபத்து, தாண்டியிருந்தால் குற்றம். குற்றமென்றால் லைசென்ஸ் போகும், வேலை போகும், ஜெயிலும் உண்டு.

சொந்தக்காரர் கேஸை அளக்கக்கூடாது என்பது விதி. டீச்சர்தான் போய் அளந்தாள். மூன்றாம் நாள் அறிக்கையைக் கொண்டுவந்து இவர் மேஜை ஓரத்தில் வைத்தாள். காட்டக்கூடாது, ஆனாலும் மனசு கேட்காமல் காட்டினாள்.

"நாலே கிலோமீட்டர்தான் சார் கூட. எனக்கே ரொம்பக் கஷ்டமா இருக்கு."

தடம் பத்தொன்பது மீட்டர், வேகம் ஐம்பத்துநாலு என்று எழுதியிருந்தது. நாலுமடங்கு பத்தொன்பதிலிருந்து ஆறைக் கழித்தார். பதின்மூன்று. பதின்மூன்றுக்கு வேகம் நாற்பத்தெட்டு. இந்தக் கணக்குக்கு அவருக்குப் பேப்பர் வேண்டியதில்லை. மறுபடியும் போட்டார். அதே நாற்பத்தெட்டு. எவ்வளவு கழித்தாய் என்று கேட்டார். டீச்சருக்குக் கேள்வியே புரியவில்லை. சுவரைக் காட்டினாள்.

"உங்க அட்டையைத்தான் பார்த்தேன். கழிக்கவேண்டியதெல்லாம் கழிச்சுப் போட்டதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது வாஸ்தவம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை தப்பித்தார் என்ற சந்தோஷம் வருவதற்குள், அதன் பின்னாலேயே வேறொரு நினைப்பும் வந்து நின்றது. தான் லீவில் இருந்தபோது பஸ், லாரி கேஸ் எத்தனை வந்தது என்று கேட்டார்.

"ஏழு" என்றாள் டீச்சர். அதற்குள் அவளுக்கும் புரிந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு கோப்பையும் இறக்கி இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து போட்டார்கள். நாலு பேர் எப்படிப் போட்டாலும் வேகமாகத்தான் வந்திருந்தார்கள். மற்ற மூன்று பேர் மீதும் நிரூபணம் ஒன்றுமில்லை. அதில் ஒருவர் தண்ணி லாரி டிரைவர். லைசென்ஸ் பறிபோய், இப்போது ஒரு மரக்கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். நாலுமடங்கு தினம் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆபீசுக்கு வருகிறார். அந்த ஆளுக்குத் தலையாட்டிவிட்டு வருவதுகூட உண்டு.

பிரிவுத் தலைவரிடம் போனார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிற எந்த அதிகாரிக்கும் கெட்டவராக இருக்க நேரமில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வருஷத் தப்பு போன வருஷம் தெரியவில்லை, சொந்த மாப்பிள்ளை மாட்டின மூன்றாம் நாள் தெரிகிறது, இதை எவன் நம்புவான் என்று கேட்டார். அந்த அட்டையை எழுதியதும் நீதான், பார்த்துக்கொள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இவருக்காக வருத்தப்பட்டுச் சொன்னார். அதுதான் இன்னும் மோசம். இவர் வணக்கம் போட்டுவிட்டு வந்தார்.

ஆனாலும் எழுதுவது என்று முடிவு பண்ணினார். மாப்பிள்ளைக்காக எழுதினேனா அந்த மூன்று பேருக்காக எழுதினேனா என்று பிற்பாடு தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டார். அன்றைக்கு அப்படியொரு கேள்வியே அவருக்கு எழவில்லை. இரண்டும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அட்டவணை காருக்கு மட்டும், பஸ்ஸுக்கும் லாரிக்கும் செல்லாது, எட்டு கேஸையும் திரும்பப் பார்க்கவேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் பாதியாகியிருந்தாள். நாற்பத்தெட்டு என்றதும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் மூன்று நாளில் முதல் தடவையாக அடுப்பைப் பற்றவைத்து டீ போட உள்ளே போனாள். எனக்குத் தெரியும், அவர் அப்படி ஓட்டுறவர் இல்லை, எனக்குத் தெரியும் என்று உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளை பின்பக்க அறையில், தேய்த்த யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தும் தினம் காலையில் அதைப் போட்டுக்கொள்கிறாராம். நாலுமடங்கு பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் படித்தே காட்டினார். கழித்தலை விளக்கினார். சந்தோஷமாக விளக்கினார் என்றுதான் சொல்லவேண்டும், கணக்கு சரியாக வருகிறபோது அவருக்கு வரும் சந்தோஷம் அது. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"மச்சான், ஸ்பீடு முள்ளு அம்பத்தஞ்சுல இருந்துச்சு."

நாலுமடங்குக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

"நான் பார்த்தேன் மச்சான். மூணு நிமிஷம் லேட்டு. லேட்டானா டிப்போவுல நிக்கவச்சுக் கேப்பாங்க. அந்த நேர் ரோட்டுல புடிச்சிரலாம்னு மிதிச்சேன். முள்ளைப் பார்த்துட்டு நிமிர்றேன், பலகை தெரியுது."

சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல."

பத்தொன்பது வருஷம் சாலையில் குந்தி உட்கார்ந்த மனுஷனுக்கு, எங்கே போயிற்று மிச்ச ஏழு கிலோமீட்டர் என்று கண்டுபிடிக்க ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிரேக்கை மிதித்த உடனே டயர் கோடு போட்டுவிடாது. சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளும்வரை வேகம் குறையும், தடம் இருக்காது. நாலு மீட்டர் அப்படிப் போயிருக்கிறது. அதனால்தான் தடத்தை வைத்துச் சொல்லும் வேகத்தை 'குறைந்தது இவ்வளவு' என்று எழுதவேண்டும் என்பது பாடம். பாடம் அவருக்கும் தெரியும். எழுதி எழுதி அந்த 'குறைந்தது' கை தன்பாட்டுக்கு எழுதும் வார்த்தையாகிவிட்டது. அட்டை கழிக்காமல் விட்ட மூன்றரை மீட்டரும், ரோடு காட்டாமல் மறைத்த நாலு மீட்டரும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொண்டு, தப்பான அட்டை கிட்டத்தட்ட உண்மையைச் சொல்லியிருக்கிறது. சரியான கணக்கோ மாப்பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறது. ரோடு பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. இப்படியும் ஒரு கூத்து நடக்குமா என்று சிரிக்கலாம், சொந்த மாப்பிள்ளையாக இல்லாவிட்டால்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். தங்கை வாசல்வரை வந்து, நீ இருக்கிறவரைக்கும் எனக்கென்ன அண்ணா பயம் என்றாள். தலையாட்டினார். தெரு முனையில் பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தார். கடிதத்தைக் கொடுத்தால் ஒரு சாவுக்குப் பதில் சொல்லவேண்டியவர் தப்பிக்கிறார். கிழித்துப் போட்டால் அந்த மூன்று பேர் கெட்ட பெயரோடு கிடக்கிறார்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை சொன்னதையும் போய்ச் சொல்லலாம். சொன்னால் தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது? பத்தொன்பதையும் ஆறையும் கூட்டிக் கழிக்கத் தெரிந்தவருக்கு இதை எப்படிப் போட்டும் விடை வரவில்லை. வயசு ஐம்பதைத் தாண்டிய மனுஷன், தெருவில் போகிறவர்கள் பார்க்க, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடிதத்தைக் கொடுத்தார். மரக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டுப் போன காலையில், நேராகப் போய்க் கொடுத்துவிட்டார். அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினார். ஒன்பது வருஷம் மாட்டியிருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. டீச்சர் அதன்மேல் ஒரு வெறும் தாளை ஒட்டிவைத்தாள்.

விசாரணை மூன்று வாரம் கழித்து நடந்தது. மின்விசிறி சுற்றும் ஒரு சிறிய கூடம், முன்னால் விசாரணை அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்யும் குமாஸ்தா. ஒரு பெஞ்சில் தங்கையும் மாப்பிள்ளையும். எதிர்ப் பெஞ்சில் தச்சரின் மனைவி, துணைக்கு ஒரு அண்டைவீட்டுக்காரி. டீச்சர் தன் தப்பை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அட்டவணையை எழுதியவர் என்ற முறையில் இவரைக் கூப்பிட்டார்கள். ஆறு மீட்டர் கழித்தால் என்ன வருகிறது என்பது ஒன்றுதான் கேள்வி.

"குறைஞ்சது நாப்பத்தெட்டு" என்றார்.

"நாப்பத்தெட்டுதானே?"

"நாப்பத்தெட்டு. குறைஞ்சது."

குமாஸ்தா நாற்பத்தெட்டு என்று தட்டினான். இரண்டு தடவை சொன்ன அந்த வார்த்தையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை சொல்ல இவர் நிமிர்ந்தார். தங்கை மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. மூன்றாம் தடவை அவர் அதைச் சொல்லவில்லை. போகலாம் என்றார்கள். போய் உட்கார்ந்தார். வேகம் வரம்புக்குள் இருந்ததாகக் குறித்துக்கொண்டு விசாரணையை முடித்தார்கள். மற்ற மூன்று கேஸும் திரும்ப எடுக்கப்படும் என்றும் சொன்னார்கள். அதுவரைக்கும் நல்லது. அந்த நல்லதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார், தேறவில்லை.

வெளியே படிக்கட்டுக்குப் பக்கத்தில் தச்சரின் மனைவி இவருக்காகக் காத்திருந்தாள். சண்டை போட வந்தவள் மாதிரி தெரியவில்லை. இவர் ஒதுங்கிப் போகப் பார்த்தார். அவள் முன்னால் வந்து நின்றாள்.

"சார், நீங்கதான் இந்தக் கணக்கெல்லாம் போடுறவரு. நீங்க சொன்னா சரியாயிருக்கும்னு சொன்னாங்க."

அவள் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"நான் ஒண்ணும் வழக்குப் பண்ண வரல சார். பஸ்ஸு மெதுவாத்தான் வந்துச்சுன்னுட்டாங்க, சரி. இன்னும் கொஞ்சம், கொஞ்சூண்டு மெதுவா வந்திருந்தா நின்னிருக்குமா? ராத்திரியெல்லாம் அதேதான் ஓடுது. எப்படி வந்திருந்தாலும் மோதியிருக்கும்னு சொல்லிட்டீங்கன்னா, விட்டுருவேன்."

கேட்கக்கூடாத ஆளிடம், கேட்கக்கூடாத கேள்வியை, எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள் பாருங்கள். மோதித்தான் இருக்கும் அம்மா என்று ஒரு பொய் சொன்னால் போதும். அவளும் தூங்குவாள், தங்கையும் தூங்குவாள். அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கைக் கடைப் படியில் உட்கார்ந்த சாயங்காலமே அவர் போட்டுவிட்டிருந்தார், போடாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஐம்பத்தைந்தில் வந்தால், கண் பார்த்துக் கால் மிதிப்பதற்குள் பதினைந்தே கால் மீட்டர், மிதித்தபின் பதினேழு, ஆக முப்பத்திரண்டே கால். ஐம்பதில் வந்தால் எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு. நாலேகால் மீட்டர் முன்னாலேயே பஸ் நின்றிருக்கும். தச்சரை இடித்தபின் பஸ் ஓடி நின்றது மூன்றே மீட்டர்.

"நின்னிருக்கும்மா" என்றார். 

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எவ்வளவு தள்ளி?" என்று கேட்டாள்.

அவர் வாயால் சொல்லவில்லை. இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கைகளை எதிரும் புதிருமாக அகட்டிக் காட்டினார். பத்தொன்பது வருஷம் அளந்த கை, ஒரு விரற்கடை கூடவில்லை குறையவில்லை, ஒன்றேகால் மீட்டர். அவள் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு இடத்தில் ஒரு ஆள் பலகையோடு தாராளமாகத் திரும்பிப் பார்க்கலாம்.

படிக்கட்டில் தங்கையும் மாப்பிள்ளையும் இறங்கி வந்தார்கள். இந்த வீட்டில் பெண்ணெடுத்த நாளிலிருந்து மச்சானின் கணக்கைக் கேட்டு வளர்ந்த மாப்பிள்ளைக்கு, அந்தக் கைகள் எதை அளக்கின்றன என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணா காட்டுற அவங்களுக்கு?" என்றாள் தங்கை, ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்த முகத்தோடு.

நாலுமடங்குக்குக் கையைக் கீழே இறக்கத் தெரியவில்லை.